ஐம்பது கேள்விகள்

மேலதிகாரி அறைக் கதவைச் சாத்தச் சொன்னார். தபால் பிரிப்பவர் சாத்திவிட்டு வந்து நின்றார்.

“பதவி உயர்வுத் தேர்வோட விடையெல்லாம் உங்களுக்கு முன்னாடியே யார் கொடுத்தது?”

“யாரும் கொடுக்கலையே மேடம்.”

“அப்போ யாரைப் பார்த்து எழுதினீங்க?”

“என் பக்கத்துல யாருமே உட்காரலை. நானாப் படிச்சு எழுதினதுதான்.”

“நாலு வருஷமா பெயிலாகுறவருக்கு அம்பது விடையும் அத்துப்படியா? என் காதுல பூ சுத்தாதீங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மேலதிகாரி விடைத்தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார். மேலே சிவப்பு மையில் பெரிய பூஜ்யம்.

“எல்லாமே சரியா, தவறான்னு கேட்கிற கேள்வி. கண்ணை மூடிக்கிட்டு டிக் அடிச்சாலே இருபத்தஞ்சு வரும். அம்பதும் தப்பாகணும்னா, அம்பதும் தெரிஞ்சிருக்கணும்.”

இனி மறைத்துப் பயனில்லை.

“தினமும் நாலு மணிக்கு நானும் என் மகளும் நீச்சல் கத்துக்கப் போறோம் மேடம். சூப்பர்வைசர் ஆயிட்டா வீட்டுக்குப் போகவே எட்டாயிடும். பரீட்சையே எழுதலைன்னா என் மனைவி சும்மா விடமாட்டா. அதான்...”

மேசைமேல் இரண்டு தொலைபேசிகள் சேர்ந்து அலறின. மேலதிகாரி இரண்டையும் எடுக்கவில்லை.

“அடுத்த வருஷம் ஒரு இருபது விடையாவது சரியாப் போடுங்க. யாருக்கும் சந்தேகம் வராது.”

இப்போது சந்தேகமாகப் பார்த்தது தபால் பிரிப்பவர்தான்.

மேலதிகாரி பெருமூச்சுடன் ஒரு தொலைபேசியை நோக்கிக் கையை நீட்டினார்.

“நான் அன்னிக்கு இதே பரீட்சையில அறிவில்லாம அம்பதுக்கு அம்பது வாங்கிட்டேன்.”