எந்த மூங்கிலை வெட்டுவது?

கண்மாய்க்கரை மூங்கில் தோப்பில் சத்யப்பிரியா அரிவாளை வீரமணியிடம் நீட்டினாள்.

"ஒண்ணே ஒண்ணு வெட்டுங்க. முன்னாடி வந்த ரெண்டு பேரும் பளபளன்னு இருந்த இளசுலயே கை வச்சாக. வேண்டாம்னு அனுப்பிட்டேன்."

"ஒரு மூங்கிலுக்கா?"

"இளசை வெட்டினா மூங்கில் தூரே பட்டுப்போகும். இதுல ஏணியும் கூடையும் செஞ்சுதான் இங்கன இருபது குடும்பம் பிழைக்குது."

வீரமணி பச்சை மூங்கில்களை விலக்கி, நடுவில் முற்றி நிறம் மங்கி நின்ற ஒன்றைத் தட்டிப் பார்த்தான். முதல் கணுவுக்கு மேலே நறுக்கென்று வெட்டினான்.

"யாரு சொல்லித் தந்தா?"

"நேத்தே வந்து உங்க கூடை முடையுற சங்கத்து உலகம்மாள் அக்காகிட்ட கேட்டுக்கிட்டேன்."

"காப்பி அடிச்சிருக்கீங்க."

"தெரியாததைக் கேட்டேன். அது தப்பா?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "இங்கனயே தங்கணும். முடியுமா?"

"சாயல்குடியிலிருந்து பெட்டியோட வந்துடுறேன்."

கரைமேலிருந்து அவளுடைய அப்பா பொன்னுச்சாமி குரல் கொடுத்தார். "ஏத்தா, பொண்ணு பார்க்க வந்தவுக எம்புட்டு நேரம் வெயில்ல நிப்பாக? தட்டு மாத்தலாமா, வேண்டாமா?"

"மாத்துங்கய்யா" என்றாள் சத்யப்பிரியா.

அதுவரை வீரமணியின் கைகளையே கவனித்துக்கொண்டிருந்தவள், அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள்.