மெரின் எழுதிய மறுப்பு

"இதெல்லாம் பொய்யின்னு ஒரு மறுப்பு எழுதும்மா. பத்து மணிக்குள்ள எல்லாப் பெற்றோருக்கும் போயிடணும்."

முதலியார்பேட்டையில் பள்ளிக்கூடம் நடத்தும் தாளாளர் தனிஸ்லாஸ் போனை நீட்டினார். 'பொண்ணுங்க பாத்ரூமில் தாழ்ப்பாள் இல்ல, தண்ணி இல்ல' என்று ஒரு செய்தி பெற்றோர்கள் குழுவில் சுற்றிக்கொண்டிருந்தது.

மெரின் மக்கள் தொடர்பு அதிகாரியாகச் சேர்ந்து ஐந்து மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"ஆனா, உண்மைதானே சார்?"

"உண்மையைச் சொல்ல வாட்ச்மேன் போதும். உனக்கு எதுக்குச் சம்பளம்?"

பத்தே நிமிடத்தில் எழுதிவிட்டாள். முதல் வரியே கூசாமல் புளுகியது. 'பொண்ணு தேறிட்டா' என்று மெச்சிக்கொண்டு, மிச்சத்தைப் படிக்காமலே "அனுப்பு" என்றார்.

பெற்றோர்கள் போன் செய்ய ஆரம்பித்த பிறகுதான் கடைசி வரியைப் பார்த்தார். 'திங்கட்கிழமை காலை யாரும் நேரில் வந்து பார்க்கலாம்.'

"யாரைக் கேட்டு இதைப் போட்ட?"

"வந்து பாருங்கன்னாதான் நம்புவாங்க சார். எவ்ளோ பேர் வந்துடப் போறாங்க?"

"எண்பது பேர் வரேன்னுட்டாங்க!"

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பிளம்பர் ராஜவேலுக்குச் சாப்பிட நேரமில்லை. தனிஸ்லாஸ் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து மெரினைத் திட்டித் தீர்த்தார்.

திங்கட்கிழமை வந்தவர்கள் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார்கள், குழாயைத் திறந்து பார்த்தார்கள். "நாங்கதான் தப்பா நெனச்சிட்டோம் சார்" என்று கைகுலுக்கிவிட்டுப் போனார்கள்.

ஏழாம் வகுப்பு வினோதா ஓடி வந்தாள். "தேங்க்ஸ் சார். இனிமே நானும் தண்ணி குடிப்பேன்."

"இத்தினி நாளா?"

"வீட்டுக்குப் போற வரைக்கும் குடிக்க மாட்டேன் சார். பாத்ரூம் வந்துடுமே."

தனிஸ்லாஸ் நேராக அறைக்குப் போய் மெரினைக் கூப்பிட்டு, பணி நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போட்டார்.

அப்போது பெற்றோர் சங்கத் தலைவர் கிருஷ்ணசாமி வேகமாக உள்ளே வந்தார். "அந்த மெசேஜ் முதல்ல இந்த நம்பர்லேர்ந்துதான் சார் வந்திருக்கு. சும்மா விடாதீங்க."

தனிஸ்லாஸ் அந்த நம்பரைத் தட்டினார்.

எதிரே, மெரினின் கைப்பைக்குள் அவளுடைய இன்னொரு போன் அடித்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னா சார், எடுத்தானா?"

தனிஸ்லாஸ் ஆணையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"வீட்டுலேர்ந்து கூப்பிடறாங்க போலிருக்கு. வெளிய போய்ப் பேசிட்டு வாம்மா" என்றவர், கிருஷ்ணசாமியிடம் திரும்பி உதட்டைப் பிதுக்கினார்.

"சுவிட்ச் ஆஃப்னு வருது சார்."