வெர்னனின் தங்க அட்டை

பேருந்தின் கதவு திறந்ததும் ஒரு ரோஜாப்பூ உள்ளே நீண்டது.

அதைப் பிடித்திருந்தவன் டஸ்டின். அட்லாண்டிக் சிட்டிக் கடற்கரையில் இருக்கும் அந்தச் சூதாட்ட விடுதியில், வாடிக்கையாளர்களைப் புகழ்ந்து குளிப்பாட்டுவதற்கென்றே கோட்டு மாட்டி நிறுத்தி வைத்திருக்கும் ஆள்.

ஓப்பல் ஹாஸ்கின்ஸ் பூவை வாங்கவில்லை. எழுபது வயதில் படி இறங்க அவளுக்குக் கைப்பிடிதான் வேண்டியிருந்தது.

ஒன்பது வருடம் இதே இலவசப் பேருந்தில் வந்திருக்கிறாள். அப்போதெல்லாம் குப்பைத் தொட்டிகளைத் தாண்டிப் பின்வாசல் வழிதான். தண்ணீர் கேட்டால், "என்ன கலர் அட்டை?" என்பார்கள். யார் எவ்வளவு ஆடினார் என்று கணக்கு வைக்கும் அட்டை அது; குறைவாக ஆடுபவர்களுக்கு வெள்ளை. வெள்ளை என்று சொன்னால் தண்ணீர் வராது.

ஐந்து மாதத்துக்கு முன் பிலடெல்பியாவில், அவள் வீட்டுக்கு இருபது நிமிடத் தொலைவில், ஆற்றோரமாக ஒரு புதுச் சூதாட்ட விடுதி திறந்தது. ரோஜா அதற்குப் பிறகு பூத்ததுதான். இன்று பேருந்தில் வந்தவர்கள் ஏழே பேர்.

அவள் ஆட வரவில்லை. கைப்பையில், ரப்பர் பேண்டு போட்ட கடிதக் கட்டு ஒன்று இருந்தது. எல்லாம் அவள் கணவர் வெர்னன் பெயருக்கு வந்தவை. பிறந்தநாள் கேக் இலவசம். வான்கோழி இலவசம். 'உங்களைக் காணாமல் ஏங்குகிறோம்.' ஒவ்வொன்று வரும்போதும் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது. தொலைபேசியில் நான்கு தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். அந்தப் பெயரை அடித்துவிட்டால் போதும், அடுத்த வண்டியிலேயே திரும்பிவிடுவாள்.

கட்டை அவனிடம் நீட்டினாள். "எங்க வீட்டுக்காரரு பேரை எடுத்துடுங்க, தம்பி. இனிமே கடுதாசி வேணாம்."

டஸ்டினின் முகம் வெளிறியது. "ஐயோ மேடம்! அந்த ஆத்தோரப் பயலுக சாரையும் வளைச்சுட்டானுங்களா? அங்க சாப்பாட்ட வாயில வைக்க முடியாதாமே!"

"அவரு எங்கயும் போகல."

"அப்படிச் சொல்லுங்க!"

மேற்கொண்டு பேசவிடாமல் அவளை உள்ளே நடத்திப் போனான். இரண்டு பக்கமும் கிழவர்களும் கிழவிகளும் உட்கார்ந்து சூதாட்ட இயந்திரங்களின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் சட்டையிலிருந்தும் ஒரு சுருள் கயிறு. அதன் மறுமுனையில் இருக்கும் அட்டை இயந்திரத்தின் வாயில். ஆள் எழுந்தால் அட்டையும் கூடவே வந்துவிடும். வெர்னன் மட்டும் கடைசிவரை அந்தக் கயிற்றை மாட்டியதில்லை. "நான் என்ன நாயா?" என்பார்.

டஸ்டின் மேசைக்குப் பின்னால் போய்க் கணினியைத் தட்டினான். தட்டியவன் முகம் மலர்ந்தது.

"அடடா, சாருக்கே விஷயம் தெரியாது போல! கடைசியா வந்த அன்னிக்கே தங்க அட்டைக்குத் தேறிட்டாரு, மேடம். மார்ச் ஒன்பது, பகல் பதினொன்னே முக்கால். தூணு பக்கத்து மெஷின். கடைசி முக்கால் மணி நேரம் என்னா வேகம்! ஒன்பது வருஷத்துல அப்படி ஆடினதே இல்ல."

வெர்னனின் பெயர் பொறித்த அட்டை ஒன்று மேசைமேல் பளபளத்தது. கூடவே புத்தம்புதுச் சுருள் கயிறு.

ஓப்பல் அதைத் தொடவில்லை. தூண் பக்கம் பார்த்தாள். தரைவிரிப்பை மாற்றியிருந்தார்கள்.

"பதினோரு மணிக்கு அவரு நாற்காலியிலேருந்து கீழ விழுந்தாரு," என்றாள். "ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. அதுக்கு முன்னாடியே மூச்சு நின்னுடுச்சு. நான் தலையை மடியில வச்சுக்கிட்டுத் தரையில உட்கார்ந்திருந்தேன். எங்க தலைக்கு மேல எவனோ உட்கார்ந்து தட்டிக்கிட்டே இருந்தான். அது அவரு அட்டையிலதான்னு இப்பத்தான் தெரியுது."

டஸ்டின் திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். வாசலுக்கு வெளியே, ஏழு பேரை இறக்கிவிட்டு நின்ற பேருந்தைப் பார்த்தான். இத்தனைக்கும் அந்தச் சிரிப்பு மட்டும் முகத்தைவிட்டு இறங்கவில்லை.

"அப்ப... இத உங்க பேருக்கு மாத்தித் தரட்டுமா, மேடம்?"