அக்காவின் பங்கு

"ஒரே ஒரு கையெழுத்துதானேக்கா? வீட்டை வாங்கறவங்க காத்துக்கிட்டிருக்காங்க."

ரவிக்குமார், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை அக்காவின் பக்கம் நகர்த்தினான். மாதம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்பா வீட்டுல பொண்ணுக்கும் சரிபாதி இருக்கு. நான் போட மாட்டேன்."

ரத்தினவேலுக்கு அலுப்பாக இருந்தது. மண்டி மொஹல்லாவில் இருக்கும் இந்த மாமனார் வீட்டுக்கு மனைவியோடு வந்தாலே இப்படித்தான். அதே பேச்சு, ஆறிப்போன அதே காபி.

"நமக்கு எதுக்கு மாதம்மா இதெல்லாம்? போட்டுக் குடுத்துட்டுக் கிளம்பு."

"நீங்க சும்மா இருங்க."

சமையலறையிலிருந்து ரவிக்குமாரின் மனைவி ராணி கரண்டியோடு வந்தாள்.

"அவங்க எங்கே போடப்போறாங்க அண்ணா! கல்யாணத்துல வாரிக்கிட்டுப் போனது பத்தலையாம். தம்பி தலையெடுத்தா அக்காவுக்கு வயிறு எரியுது!"

"விடு ராணி" என்றான் ரவிக்குமார். குரலில் அதட்டலே இல்லை.

"ஏன் விடணும்? பொறந்த வீட்டையே முழுங்க வந்த மகராசி!"

எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. "ஏனாயித்தம்மா?" என்று கன்னடத்தில் என்ன ஆச்சென விசாரிக்கும் குரல் வேறு.

ரத்தினவேலுக்கு மானம் போயிற்று. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

சந்து முனையில் ஸ்கூட்டரைக் கிளப்பும்முன் கேட்டேவிட்டார்.

"பங்கைப் பிரிச்சு வாங்கவும் மாட்டேங்கிறே, விட்டும் குடுக்க மாட்டேங்கிறே. பேராசைக்காரங்கன்னு தெருவே பேசுது. உனக்கு என்னதான் வேணும்?"

மாதம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். முகம் களைத்திருந்தது.

பின்னாலேயே ராணி ஓடிவந்தாள், கையில் ஒரு குடையோடு.

"மறந்த குடையையும் எடுத்துக்கிட்டுப் போங்க! இனி எங்க வாசப்படி மிதிக்காதீங்க!"

தெருவுக்கே கேட்கக் கத்தியவள், குடையை நீட்டும்போது குரலைத் தாழ்த்தினாள்.

"ரொம்பத் திட்டிட்டேனா அண்ணி? எங்க வீட்டுக்காரருக்கு நம்ம மேல சந்தேகம் வந்துடக் கூடாதுல்ல."

ரத்தினவேல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போன்ல காசு வெச்சு ரம்மி ஆடியே இருந்த கடையையும் அழிச்சுட்டார். என் கழுத்துல மஞ்சக் கயிறுதான் மிச்சம். நான் பிரிஞ்சு போனாலும் ஜீவனாம்சம்தான் கேக்கலாம், வீட்டுல பங்கு கேக்க முடியாதுன்னு வக்கீலம்மா சொல்லிட்டாங்க. நீங்க கையெழுத்துப் போடாத வரைக்கும்தான் எனக்கும் பிள்ளைங்களுக்கும் கூரை."

மாதம்மா குடையை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினாள்.

"அவன் கூப்பிடறப்பெல்லாம் வரேன். நீ திட்டுறதை மட்டும் குறைச்சிடாதே."