ரிவர்ஸ் கியரில் வெள்ளிமலை

முதல் கியர் போட்டு கிளட்சை விட்டதும், வண்டி விசுக்கென்று பின்னால் போய் வேப்பமரத்தில் முட்டி நின்றது.

வேடிக்கை பார்க்க நின்றிருந்த வடக்கனந்தல்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வீரமணிக்கு வியர்த்துக் கொட்டியது. எது முதல் கியர், எது ரிவர்ஸ் என்று தெரியாமல் போக அவர் என்ன நேற்று லைசென்ஸ் எடுத்தவரா? சொந்தமாக மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவர். மறுபடியும் முதல் கியர் போட்டார். மரம் மறுபடியும் இடி வாங்கியது.

பக்கத்து சீட்டில் அவர் மனைவி பச்சையம்மாள் பட்டுப்புடவை கட்டி, மடியில் வளையல் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"வர இஷ்டமில்லன்னா வாயத் தொறந்து சொல்லுங்க. வண்டி மேல இன்னாத்துக்குப் பழியப் போடுறீங்க?"

அவள் சந்தேகப்பட்டதிலும் நியாயம் இருந்தது. மகள் தேவிப்ரியா, மலையில் ஜீப் ஓட்டும் அஜித்தை யாரையும் கேட்காமல் கட்டிக்கொண்டு வெள்ளிமலைக்குப் போனதிலிருந்து, வீரமணிக்கு வாய்த்த ஒரே சாக்கு இந்தப் பழைய அம்பாசடர்தான். பின் ஆக்சில் மலைக்குத் தாங்காது என்பார். பஸ்ஸில் போகலாமே என்றால், சொந்த வண்டி வைத்திருக்கிறவன் மகள் வீட்டில் பஸ்ஸில் போய் இறங்குவதா என்று முறைப்பார். பச்சையம்மாள் மட்டும் பஸ் ஏறிப் போய் வந்துகொண்டிருந்தாள்.

மகள் மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்த பிறகு அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவராகவே பழைய ஜீப் ஆக்சில் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தார். அம்பாசடரின் அகலத்துக்கு அதை இரண்டு பக்கமும் அறுத்து ஒட்டினார். உள்ளே சுற்றும் தண்டுகளைக் கள்ளக்குறிச்சி லேத்தில் கூடவே நின்று கடைந்து வாங்கினார். புரபெல்லர் ஷாஃப்டை வெட்டிக் குறுக்கினார். சாப்பிடக் கூப்பிட்டால் வண்டிக்கடியிலிருந்து குரல் மட்டும் வரும். வளைகாப்புக்கு இந்த வண்டியில்தான் போகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தார். கடைசி போல்ட்டை முறுக்கியதே அன்று விடியற்காலையில்தான், ஓட்டிப் பார்க்க நேரமில்லை.

இப்போது இறங்கிக் குனிந்து பார்த்தார். பார்த்ததுமே புரிந்துவிட்டது.

வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, ஆக்சில் கூட்டின் இடது பக்கத்தில் சாக்பீஸால் 'இ' என்று எழுதியிருந்தார். எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தோம் என்பதைத்தான் மறந்துபோனார். அவருக்கு இடது, வண்டிக்கு வலது. உள்ளே சக்கரங்களைச் சுழற்றும் கிரவுன் வீல் பக்கம் மாறி உட்கார்ந்துவிட்டது. முன்னால் போகவேண்டிய கியரெல்லாம் இனி பின்னால் போகும். பிரித்துத் திருப்பிப் போட ஒரு நாள் ஆகும். வளையல் அடுக்குவதோ உச்சிப்பொழுதுக்குள்.

பச்சையம்மாள் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டாள். இறங்கினால் நேரே பஸ் ஸ்டாண்டுதான். அதற்குப் பிறகு இந்த ஜென்மத்தில் அவரை வா என்று கூப்பிட மாட்டாள்.

இத்தனை வருஷம் சொன்ன பொய்யையெல்லாம் நம்புகிற மாதிரி இருந்தவள், நிஜமாகவே தப்பு நடந்த அன்றைக்கு நம்பவில்லை. வீரமணிக்கு அழுகையே வந்துவிட்டது.

"கால உள்ள வை" என்று சொல்லிவிட்டு, ரிவர்ஸ் போட்டார்.

வண்டி முன்னால் போனது.

கூட்டம் கைதட்டியது. பின்னால் ரிவர்ஸ் விளக்கு வெள்ளையாக எரிய, சைக்கிள்காரர்கள்கூட முந்திப்போகும் வேகத்தில், அம்பாசடர் கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதையைப் பிடித்தது. ரிவர்ஸுக்கு வேகம் கம்மி, இழுவை ஜாஸ்தி. ஜீப் ஆக்சில் முனகாமல் ஏறியது. பச்சையம்மாள்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

வளைவுகளில் எஞ்சின் கொதித்ததால் நின்று நின்று ஏறவேண்டியிருந்தது. வெள்ளை விளக்கைப் பார்த்த பஸ் டிரைவர், வண்டி தன் மேல் வரப்போகிறதென்று பயந்து ஹாரனை அடித்துத் தீர்த்துவிட்டு முந்திப் போனார். ஒரே ஒரு ஜீப் மட்டும் முந்தாமல் பின்னாலேயே வந்தது. வாழையிலைக் கட்டும் பூக்கூடையும் ஏற்றிய ஜீப். அம்பாசடர் நின்ற இடத்திலெல்லாம் அதன் டிரைவர் ஓடிவந்து பின்சக்கரத்துக்குக் கல் வைத்தான். தன் கேனிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினான். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

வீரமணிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. இப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று மனைவியிடம் சொன்னார். பச்சையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

கடைசி வளைவிலும் வண்டி நின்றது. அவர் தலையை வெளியே நீட்டினார்.

"தம்பி, எனுக்காவ நின்னுக்கினு இருக்காத. எங்கியோ விசேஷத்துக்குப் போற மாறி தெரியுது. நீ முன்னாடி போப்பா!"

"பரவால்ல, நீங்க ஏறுங்க மாமா. நான் பின்னாடியே வரேன்."

மாமா.

வீரமணி கண்ணாடியில் பார்த்தார். போட்டோவில்கூடப் பார்க்க மாட்டேன் என்று இத்தனை வருஷம் அவர் ஒதுக்கிய முகம், வண்டிக்குப் பின்னால் கல்லும் கையுமாக நின்றுகொண்டிருந்தது.

ஒரு கையைக் கியர்மேல் வைத்தார். மேடு என்றால் பழக்கதோஷத்தில் கை முதல் கியருக்குத்தான் போகும். போனால் வண்டி பின்னால் பாயும். பின்னால் மருமகன் நிற்கிறான்.

இன்னொரு கையையும் கொண்டுவந்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, ரிவர்ஸ் போட்டார்.