சிவப்புக் கட்டைகள்

இலங்கையின் கஹவத்தைக்கு மேலே, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் உள்ள சரிவில், மழை தலையில் அறைய அறைய, ஏழுமலை மண்வெட்டியின் பின்புறத்தால், தரையில் அறைந்திருந்த கட்டைகளை அடித்துச் சிதறடிக்கிறார். முழங்கை நீளக் கட்டைகள். தலைப்பில் சிவப்புப் பெயிண்ட். ஒவ்வோர் அடிக்கும் சிராய் தெறித்து அவர் முகத்தில் குத்துகிறது. "போன தடவையும் செவப்புக் கட்டதான் அடிச்சாங்க. மூணே மாசத்துல என் மரக்கறித் தோட்டத்த எஸ்டேட்டு தொரை வளைச்சிக்கிட்டாரு!" பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கும் அருள்செல்வி சேற்றில் சறுக்கிக்கொண்டு ஓடி வருகிறாள். "அண்ணே, இது காணி அளக்கிற கட்ட இல்லீங்க! மலை வெடிப்ப அளக்க அதுக்கு ரெண்டு பக்கமும் ஜோடி ஜோடியா நான் அடிச்சது!" அவர் காதில் எதுவும் ஏறவில்லை. மிஞ்சியிருப்பது ஒரே ஒரு ஜோடி. மண்வெட்டி உயர்கிறது. அவள் குப்புற விழுந்து ஒரு கட்டையைப் பிடிக்கிறாள். அடி அவள் விரல்களில் இறங்குகிறது. எலும்பு நொறுங்கும் சத்தம் மழையையும் மீறிக் கேட்கிறது. அவள் அலறுகிறாள், ஆனால் கையை எடுக்கவில்லை. மற்றக் கையை மானாப்புல்லுக்குள் விட்டு அடுத்த கட்டையை நோக்கிச் சாண் போடுகிறாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது சாணுக்கும் கட்டை எட்டவில்லை. "வெசாக் பண்டிகை அன்னிக்கு அளந்தப்ப ஒரு சாண்தாங்க இருந்திச்சு." ஏழுமலை குனிந்து புல்லை விலக்குகிறார். கீழே மண் வாயைப் பிளந்து கிடக்கிறது. அவள் இரத்தமும் மழைத் தண்ணீரும் கொஞ்சமும் தேங்காமல் அதற்குள் இறங்குகின்றன. பிளவு போகும் வழியே அவர் பார்வையும் போகிறது. அது லயத்தின் கோடி வீட்டுக் காம்பராவின் பின்சுவரில் போய் முடிகிறது. அந்தக் கூரையில் புகை கிளம்புகிறது. அவர் மனைவி வெள்ளையம்மா இப்போதுதான் அடுப்பு மூட்டியிருக்கிறாள்.