போகலாம் என்று சொல்லும்வரை

கோமதியின் நிச்சயதார்த்த நேரம் பார்த்துத்தான் அப்பா சுடலைமணியின் கைக்காப்பு அலறியது. இரண்டாம் முறையும் குடித்துவிட்டு வண்டி ஓட்டி, ஒருவரை இடித்துவிட்டு நிற்காமல் போனதற்கு நீதிமன்றம் மாட்டிவிட்ட காப்பு அது. பக்கத்தில் எங்கே விபத்து நடந்தாலும் அது அலறும்; உடனே ஓடிப் போய், அடிபட்டவர் "போகலாம்" என்று சொல்லும்வரை அவர் கூடவே இருக்க வேண்டும்; அதுவரை காப்பு ஓயாது.

"வேற நேரமே கிடைக்கலையாப்பா? மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்றது?" என்றாள் கோமதி. அவர்களுக்குக் காப்பு விஷயம் இன்னும் தெரியாது.

புறவழிச்சாலையில் ஒரு வேன் வயலில் இறங்கிக் கிடந்தது. கால் சுளுக்கிய அம்மாள் ஒருவர் சீர்த்தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். சுடலைமணி ஓடிப் போய்க் கையைப் பிடித்தார். மாப்பிள்ளையின் அம்மா!

அடிபட்டவரைத் தொட்டதும், விதிப்படி காப்பு சுடலைமணியின் குற்றத்தையும் தண்டனையையும் ஒன்றுவிடாமல் உரக்கச் சொன்னது. அவர் தலை கவிழ்ந்தது.

"அன்னைக்கு ஓடினவரா இப்படி ஓடி வந்தீங்க?" என்றார் அம்மாள். "நான் போகலாம்னு சொல்ல மாட்டேன் சம்பந்தி. கைத்தாங்கலாப் பிடிச்சு உங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்க."

நிச்சயம் முடியும்வரை காப்பு கத்திக்கொண்டேயிருந்தது. தவில்காரர் அதற்கும் சேர்த்து வாசித்தார்.